பழைய தியேட்டர் யூனிட் இரண்டுக்கு டயப்பிரம் மாற்றி நடுப்படுத்திய பதிவு

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த அடுத்த கிழமை, ஆரையம்பதியில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் அண்ணன் ஒருவர், ஒலிபெருக்கியின் விரிந்த குழலான ஹோர்னின் பின்னால் பூட்டும், யூனிட் எனப்படும் இரண்டு கனத்த உருளைகளை உரச்சாக்கில் சுற்றி, மட்டக்களப்பின் கல்லடியில் உள்ள என் வீட்டின் பின் விறாந்தையில் கொண்டுவந்து வைத்தார். மூடிப்போன ஒரு திரையரங்கின் சாமான்கள் பழைய இரும்புக்குப் போனபோது அவருடைய தகப்பனார் வாங்கிவைத்தவை அவை. கோயில் முற்றத்தில் ஏடு படிப்பவரின் குரலை எடுத்துக்கொடுப்பதற்கென்றே இவ்வளவு காலமும் அவற்றை அவர் வைத்திருந்தார். “ஒண்டு பேசுதில்ல, மத்தது கரகரக்குது தம்பி. கதவு திறக்கிறதுக்கு முதல் வேணும்” என்றார். கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்குக்குக் கதவு திறக்க ஏறக்குறைய ஒரு மாதம் இருந்தது. உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்பும் மெல்லிய தகடான டயப்பிரத்தை மாற்றுவதற்கு அரை நாள் போதும் என்று நான் நினைத்தேன். உண்மையில் பதினேழு நாட்கள் பிடித்தன, அவற்றுள் டயப்பிரம் மாற்றிய நேரம் என்று கணக்குப் பார்த்தால் அரை மணித்தியாலம்கூட வராது.

இரண்டிலும் பெயர்த்தகடு இல்லை. தகடு ஒட்டியிருந்த இடத்தில் பசைத் தடமும் இரண்டு சிறு துளைகளும் மட்டுமே இருந்தன. ஆயினும் உருவத்தைப் பார்த்தவுடன் இனம் புரிந்தது. பின்மூடியைக் கழற்றினால் டயப்பிரம் தெரியும், ஒலியோ காந்தத்தின் நடுத் துளை வழியாக முன்புறம் போய் ஹோர்னுக்குள் நுழையும். வாய் 1 அங்குலம். காந்தம் ஃபெரைட் வகையின் கறுத்த தட்டை வளையமாக இல்லாமல் ஆழமான இரும்புச் சட்டிக்குள் மறைந்திருந்ததால், அது அல்நிக்கோ என்ற பழைய உலோகக் கலவைக் காந்தம் என்று முடிவு செய்தேன். இந்த முடிவு முக்கியமானது. அல்நிக்கோ காந்தம் உள்ள யூனிட்டின் மேற்தகட்டைக் கழற்றினால் காந்தச் சுற்று திறந்து அதன் வலு கணிசமாகக் குறைந்துவிடும். திரும்பப் பூட்டினாலும் பழைய வலு வராது, மீண்டும் காந்தமேற்ற வேண்டும். மட்டக்களப்பில் அதற்கான இயந்திரம் எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை. ஆகவே பின்மூடியும் டயப்பிர வளையமும் தவிர வேறு எந்தத் திருகாணியிலும் கை வைப்பதில்லை என்று தொடக்கத்திலேயே தீர்மானித்து, மேற்தகட்டின் திருகாணித் தலைகளின் மேல் மாஸ்கிங் ரேப் ஒட்டி மறைத்தேன்.

நாம் பொதுவாக யூனிட் என்று சொல்லும் கம்பிரஷன் ட்ரைவரின் ஆதி வடிவத்தை 1926 இல் அமெரிக்காவில் வென்ற், துராஸ் என்ற இரு பெல் ஆய்வுகூடப் பொறியியலாளர்கள் பேசும் படங்களுக்காக உருவாக்கினர். வெஸ்ரேன் எலெக்ட்ரிக் 555 என்ற அந்த யூனிட்டுக்குப் பிறகு பொருட்களும் அளவுகளும் மாறினாலும் உள்ளே நடப்பது பெரிதாக மாறவில்லை. மெல்லிய கவிகை வடிவத் தகட்டின் விளிம்பில் கொயில் என்ற கம்பிச்சுருள் இருக்கிறது, கொயில் ஒடுங்கிய காந்த இடைவெளிக்குள் தொங்குகிறது, கவிகைக்கு மிக அருகே பேஸ் பிளக் என்ற பிளவுகள் கொண்ட கட்டை நிற்கிறது. கவிகை தள்ளும் காற்று அந்தப் பிளவுகளால் நெருக்கப்பட்டு, எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் வாயை அடைகிறது. சாதாரண கூம்பு ஸ்பீக்கரில் கொயில் பல மில்லிமீற்றர் முன்னும் பின்னும் போகும். இதிலோ அசைவு மயிரிழை அளவுதான். இடைவெளியும் அதற்கேற்ற ஒடுக்கம் என்பதால், கூம்பு ஸ்பீக்கர் பொறுத்துக்கொள்ளும் பிழையை இது பொறுக்காது.

முதலில் மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தேன். பேசாத யூனிட்டில் சுற்று அறுந்திருந்தது, கரகரத்ததில் 11.2 ஓம் காட்டியது. 16 ஓம் என்று குறிக்கப்படும் கொயிலுக்கு நேர்மின்னோட்டத் தடை 10 முதல் 13 ஓம் வரை இருப்பது வழக்கம் என்பதால் இரண்டாவதன் கொயில் நலமாக உள்ளது என்று தெரிந்தது. பின்மூடிகளைத் திறந்தபோது உள்ளே ஒட்டப்பட்டிருந்த நுரைப்பஞ்சு அப்பளம்போல் நொறுங்கி டயப்பிரத்தின் மேல் கொட்டியிருந்தது. பேசாத யூனிட்டில் கொயிலிலிருந்து முனையத்துக்கு வரும் தட்டையான அலுமினிய நாடா, வளையும் இடத்தில் களைத்து ஒடிந்திருந்தது. இதை ஈயம் வைத்து ஒட்டலாமே என்று தோன்றும். ஆனால் அலுமினியத்தின் மேற்பரப்பில் நொடியில் உருவாகும் ஒட்சைட்டுப் படை சாதாரண ஈயத்தைப் பிடிக்கவிடாது. பிடித்தாலும் அசையும் நாடாவில் ஈயக்கட்டி ஏறினால், அடுத்த ஒடிவு அதன் ஓரத்திலேயே வரும். கரகரத்த யூனிட்டில் கவிகையைச் சுற்றியுள்ள மடிப்பில் நகக்கண் அளவு வெடிப்பு இருந்தது. ரோச் லைற்றைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. இரண்டையும் மாற்றத்தான் வேண்டும்.

டயப்பிரத்தைக் கழற்றுவதற்கு முன் கருவிகளைப் பற்றி ஒரு பழைய வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன், இதே வகையான ஒரு யூனிட்டில் கடைசித் திருகாணியைக் கழற்றும்போது, என் கையிலிருந்த இரும்பு ஸ்குறூ ட்ரைவரைக் காந்தம் இழுத்துக்கொண்டது. நுனி கவிகையின் நடுவில் விழுந்து, பருப்பு அளவில் ஒரு குழி விட்டது. நல்ல டயப்பிரம் அது. அன்றிலிருந்து வளையத்தின் திருகாணிகளைத் தளர்த்தும்போது மட்டும் இரும்பு ட்ரைவரை இரு கையாலும் பிடிப்பேன், அதுவும் தயிர்ச்சட்டியின் களிமண் மூடி ஒன்றைக் கவிகைக்கு மேல் கவிழ்த்து வைத்த பிறகுதான். மற்ற எல்லாவற்றுக்கும் பித்தளைத் தகடு, மூங்கில் குச்சி, தென்னை ஈர்க்கு ஆகியவைதான். மேசை விசிறியும் நின்றிருக்க வேண்டும். தூசி ஒரு காரணம், கேட்கவேண்டிய ஒலியை விசிறி மறைப்பது மற்றக் காரணம்.

வளையத்தின் இரு எதிர்ப்பக்கங்களிலும் பித்தளைத் தகடு ஒவ்வொன்றைச் செருகி, இரண்டையும் ஒரே அளவில் நெம்பி, நேர் மேலே தூக்கினேன். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் கொயில் சாய்ந்து இடைவெளியின் சுவரில் கீறும். பழைய டயப்பிரம்தானே என்று அலட்சியமாக இருக்கக்கூடாது. புதியதை அளந்து வாங்குவதற்கு அதுதான் மாதிரி. வளையத்திலும் இருக்கையிலும் ஒரே கோட்டில் பென்சிலால் இழுத்த குறி ஒன்று தெரிந்தது. எனக்கு முன் யாரோ ஒரு திருத்துநர் இதைத் திறந்து, நடு எங்கே என்று கண்டு குறித்திருக்கிறார். அவரைப் பற்றி அப்போது எனக்குள் எழுந்த மதிப்பு பத்து நாட்களுக்குப் பின் சற்றுக் குறைந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

இனி வருவதுதான் உண்மையான வேலை. கல்லடி ஒரு பக்கம் வாவியும் மறுபக்கம் கடலும் உள்ள நிலத்துண்டு, ஆரையம்பதியும் அப்படித்தான். உப்புக் காற்று இரும்பை எந்த மறைவிலும் தேடிப் பிடிக்கிறது. இடைவெளியின் இரு உதடுகளிலும் துரு பொருமி, நுண்ணிய இரும்புத் துகள்கள் மீசைபோல் குத்தி நின்றன. காற்று அடித்து ஊதுவதால் பயனில்லை. காந்தம் பிடித்ததைக் காற்று விடுவிக்காது, விடுபட்ட சிலதையும் பேஸ் பிளக்கின் பிளவுக்குள் தள்ளிவிடும். ஆகவே பிளவுகளை ரேப்பால் மூடிவிட்டு, கல்யாண அழைப்பிதழ் அட்டையை ஒரு விரல் அகலக் கீற்றுகளாக வெட்டி, அவற்றின் மேல் மாஸ்கிங் ரேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி மடித்து, இடைவெளிக்குள் இறக்கிச் சுற்றிவர இழுத்தேன். முதல் கீற்று கறுத்த மயிர்ப்பூச்சிபோல் வெளியே வந்தது. பன்னிரண்டாவதிலும் கறுப்பு இருந்தது. பொருமிய துருவைப் பித்தளைத் தகட்டின் முனையால் சுரண்டி, மறுபடியும் ரேப் கீற்று, பிறகு பிள்ளைகள் விளையாடும் களியை ஈர்க்கின் நுனியில் உருட்டி அடிவரை விட்டு எடுப்பு என்று மாறி மாறிச் செய்தேன். ஒரு யூனிட்டுக்கு முப்பதுக்கு மேற்பட்ட கீற்றுகள் போயின. கடைசிக் கீற்றை வெள்ளைத் தாளில் வைத்து, ரோச் லைற் வெளிச்சத்தில் ஒரு புள்ளிகூடத் தெரியாதபோதுதான் நிறுத்தினேன்.

அந்த அட்டைக் கீற்றுகளே அளவுகோலாகவும் உதவின. இரும்பு ஃபீலர் கேஜ் இந்த இடத்துக்கு ஆகாது, சுவரில் ஒட்டிக்கொள்ளும். வேனியரில் 0.3 மில்லிமீற்றர் காட்டிய அட்டையில் மூன்று சேர்ந்து இடைவெளிக்குள் இறங்கின, நான்காவது இறங்கவில்லை. எனவே இடைவெளி 0.9 க்குக் கூடவும் 1.2 க்குக் குறைவாகவும் இருக்கிறது. பழைய கொயிலின் தடிப்பு ஏறக்குறைய 0.55. மீதியை இரண்டாகப் பிரித்தால் கொயிலின் ஒவ்வொரு பக்கத்திலும் கிடைப்பது இரண்டு அல்லது மூன்று கடதாசித் தாள்களின் தடிப்புத்தான். நடுப்படுத்தல் என்று நாம் சொல்வதெல்லாம் இந்த இரண்டு மூன்று தாள்களுக்குள் நடப்பது.

பேஸ் பிளக்கின் பிளவுகளில் வேறொரு விருந்தாளி இருந்தார். ஹோர்னின் கழுத்தில் குளவி கட்டிய மண்கூடு உடைந்து, மண் உள்ளே இறங்கி, வளையப் பிளவு ஒன்றில் கால்வாசியை அடைத்திருந்தது. தென்னை ஈர்க்கைப் பிளேட்டால் சீவி மெல்லியதாக்கி, முன்வாய்ப் பக்கமாக யூனிட்டைக் கவிழ்த்துப் பிடித்து, மண்ணைச் சிறிது சிறிதாகத் தட்டி வெளியேற்றினேன். வளையும், முறியாது, காந்தத்தில் ஒட்டாது. இந்த வேலைக்கு ஈர்க்கைவிட நல்ல கருவியைக் கடையில் நான் கண்டதில்லை.

புதிய டயப்பிரம் வாங்கியது ஒரு துன்பக் கதை. பெயரில்லாத யூனிட் என்பதால் அளவுகளை மட்டும் வைத்துத் தேடவேண்டியிருந்தது. கொயிலின் உள்விட்டம் ஏறக்குறைய 44 மில்லிமீற்றர், அதாவது 1.75 அங்குலம். அல்ரெக் 802 போன்ற பல யூனிட்டுகளில் உள்ள அளவு இது என்பதால் மாற்றுச் சாமான் சந்தையில் உண்டு. ஆனால் கொயில் அளவு ஒத்துப்போனால் போதாது. வளையத்தின் வெளிவிட்டம், திருகாணித் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், துளைகளின் எண்ணிக்கை, முனையங்கள் வரும் பக்கம், கவிகையின் உயரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரைந்து, படத்தோடு கொழும்புக்கு அனுப்பினேன். முதலில் வந்த பொதியைத் திறந்து மீற்றரை வைத்தால் 6.1 ஓம், 16 ஓமுக்குப் பதில் 8 ஓம் அனுப்பியிருந்தார்கள். அதைத் திருப்பி அனுப்பி, சரியானது இரவு பஸ்ஸில் வந்து சேர ஆறு நாட்கள் போயின. இரண்டாவது சோடி 11.4, 11.6 ஓம் காட்டியது.

டைட்டேனியம் கவிகையும் கிடைக்கும் என்று கடைக்காரர் சொன்னார், அது எளிதில் வெடிக்காது என்பதும் உண்மை. நான் அலுமினியத்தையே கேட்டு வாங்கினேன். டைட்டேனியத்தின் மேல் சுருதிகளில் ஒரு கூர்மை ஏறும்; இரவு முழுக்க ஒருவர் ஏடு படிக்கும் இடத்தில் அது காதைக் களைக்கச் செய்யும் என்பது என் கணிப்பு. துணியில் பீனோலிக் பசை ஏற்றிய பழுப்பு நிற வகை முரட்டுத்தனத்தைத் தாங்கும், ஆனால் மேல் சுருதி குறைந்து, சகரமும் மெய்யெழுத்துகளின் விளிம்பும் மழுங்கும்.

பூட்டுவதற்கு முன் இன்னொரு அளவு எடுத்தேன். பிளாஸ்ரிக் குழாய்த் துண்டு ஒன்றின் விளிம்பில் பழைய வளையத்தையும் புதிய வளையத்தையும் மாறி மாறி வைத்து, கவிகையின் உச்சிவரை உயரம் பார்த்தபோது, புதியது 0.2 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தது. கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் இந்த யூனிட்டில் கவிகையின் குழிந்த பக்கம் பேஸ் பிளக்கை நோக்கி இருப்பதால், அந்த 0.2 அப்படியே கவிகைக்கும் பிளக்குக்கும் இடையிலுள்ள வெளியில் குறையும். உரத்த ஒலியில் கவிகை பிளக்கில் போய்த் தட்டும், தட்டிய இடத்தில் பிறகு வெடிக்கும். பழைய நார்க் கஸ்கெற் இருக்கையோடு ஒட்டிப் பிய்ந்துபோனது. அதன் இடத்துக்குச் சாதாரண அலுவலகத் தாளில் வளையங்கள் வெட்டினேன். அந்தத் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர். பிய்ந்த கஸ்கெற்றின் தடிப்புக்கு ஈடாக இரண்டு, குறைந்த உயரத்துக்கு ஈடாக இரண்டு, மொத்தம் நான்கு.

இப்போது நடுப்படுத்தல். கூம்பு ஸ்பீக்கரில் கொயிலைச் சுற்றிக் கடதாசிக் கீற்று செருகி, நடுவில் நிறுத்திவிட்டு ஒட்டலாம். இங்கே கவிகை மேலே மூடியிருப்பதால் கீற்றுச் செருக வழியில்லை. காதால்தான் பார்க்கவேண்டும். நாலாக மடித்த சாரத்தின் மேல் யூனிட்டை, டயப்பிரம் மேல் நோக்க, வைத்தேன். மேசையின் அதிர்வையும் யூனிட்டின் அதிர்வையும் பிரித்தறிய இந்தச் சாரம் அவசியம். கைத்தொலைபேசியில் சுருதி எழுப்பும் செயலி, சிறிய அம்ப் ஒன்று, கொயிலுக்கு நேர்த்தொடரில் மின்கொள்ளளவி ஒன்று. முனையத்தில் 1.5 வோல்ட் வரும்படி ஒலியை வைத்தேன். 16 ஓமில் அது 0.14 வாட்தான், ஆனாலும் இவ்வளவு அருகில் அது போதும். 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே இறங்கவில்லை. ஹோர்ன் பூட்டாத யூனிட்டின் கவிகையைப் பிடித்துவைக்கக் காற்றின் சுமை இல்லை, கீழ்ச் சுருதியில் அது கட்டுப்பாடின்றி ஆடும்.

300 இலிருந்து 1500 வரை சுருதியை மெல்ல ஏற்றி இறக்கும்போது, நடுவில் உள்ள கொயில் புல்லாங்குழல்போல் தெளிவாக ஒலிக்கும். சுவரில் உரசும் கொயில் அந்தச் சுருதியின் மேல், உமியை விரல்களுக்கிடையில் தேய்ப்பது போன்ற ஓர் ஒலியைப் பூசும். நாடா எங்காவது தட்டினால் வருவது இன்னொரு ஒலி, அது தகரத்தில் ஈ மோதுவதுபோல் இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகாமல் வளையத்தை நகர்த்திக்கொண்டிருந்தால் நாள் முழுக்க நகர்த்தலாம். என் காது ஐம்பதைத் தாண்டியது. ஆகவே தங்கையின் மகனைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தேன். பதினேழு வயதுக் காது. நான் தெளிவு என்று நினைத்த இடத்தில் இரண்டு முறை அவன், “மாமா, இன்னும் இருக்கு” என்றான், இரண்டு முறையும் அவன் சொன்னதே சரி.

வளையத்தின் ஆறு திருகாணிகளையும் தலை தொடும்வரை மட்டும் விரலால் திருகினேன். பிறகு மூங்கில் குச்சியை வளையத்தின் விளிம்பில் வைத்து, சிறு மரப்பிடியால் மெல்லத் தட்டி, உரசல் தொடங்கும்வரை ஒரு பக்கமாக நகர்த்தினேன். அங்கிருந்து எத்தனை தட்டில் எதிர்ப்பக்க உரசல் தொடங்குகிறது என்று எண்ணினால் பதினொன்று. ஐந்தரைத் தட்டு என்று ஒன்று கிடையாது. ஐந்து தட்டிவிட்டு ஆறாவதை அரை மனதோடு தட்டினேன். அதற்குச் செங்குத்தான திசையிலும் இதையே செய்தேன். இரண்டாம் திசையில் நகர்த்தியது முதல் திசையைச் சற்றுக் குலைக்கும் என்பதால், மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். மூன்றாம் சுற்றில் எல்லாச் சுருதியும் தெளிந்தன. திருகாணிகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் கால் சுற்றுக்கு மேற்படாமல், இறுக்கத் தொடங்கினேன். நான்கு வரை நலம். ஐந்தாவதை இறுக்கும்போது உமி உரசியது.

தளர்த்தினால் போய்விட்டது. மறுபடி நடுப்படுத்தினேன், ஐந்தாவதில் மறுபடி உரசல். வேறு ஒழுங்கில் இறுக்கினேன். அதே திருகாணி எப்போது இறுகுகிறதோ அப்போது உரசுகிறது. இரண்டு இரவுகள் இப்படிப் போயின. முந்தைய திருத்துநரின் பென்சில் குறிக்கு வளையத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், அங்கேயும் அதே. மூன்றாம் இரவுதான் உறைத்தது. பக்கவாட்டில் நகர்ந்ததால் வரும் உரசல், வளையத்தைத் தட்டும்போது மாறும், இறுக்கும்போது மாறாது. இறுக்கும்போது மட்டும் வருவது சாய்வினால் வருவது. வளையம் இருக்கையில் சமமாக உட்காரவில்லை. இறுக்க இறுக்க ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, கொயிலின் அடி விளிம்பு சுவரைத் தொடுகிறது. சாய்ந்ததைப் பக்கவாட்டில் எவ்வளவு நகர்த்தினாலும் நடு கிடைக்காது.

டயப்பிரத்தைக் கழற்றி, உடைந்த கண்ணாடித் துண்டொன்றின் நேர் விளிம்பை இருக்கையின் மேல் நிறுத்தி, மறுபக்கத்திலிருந்து ரோச் லைற் அடித்தேன். ஐந்தாவது திருகாணித் துளையின் இரு பக்கத்திலும் நூல்போல் வெளிச்சம் கசிந்தது, துளையின் உதட்டில் மட்டும் இருட்டு. எப்போதோ யாரோ அந்தத் திருகாணியை அளவுக்கு மீறி இறுக்கியதில், துளையின் மரை மேலே இழுபட்டு, உதடு எழும்பி நின்றது. பென்சில் குறி போட்டவரின் மேல் இருந்த மதிப்பு குறைந்தது இந்த இடத்தில்தான். அவரும் இந்த உரசலோடு போராடி, இன்னும் இறுக்கினால் போய்விடும் என்று நினைத்திருப்பார். பழைய கஸ்கெற் நார்த் தடிப்பாக இருந்ததால் உதட்டை ஓரளவு விழுங்கியிருக்கும், என் தாள் வளையங்களால் அது முடியவில்லை.

உதட்டைத் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். ஆனால் காந்தத்தின் வாயருகே இரும்பைத் தேய்ப்பது, முப்பது கீற்றுகள் போட்டுச் சுத்தம் செய்த இடத்தில் மறுபடி துகளைக் கொட்டுவதற்குச் சமம். இடைவெளியை இரண்டு படை ரேப்பால் மூடி, உதட்டைச் சுற்றி கிறீஸ் அணை கட்டி, சிறிய எண்ணெய்க் கல்லை அதற்குள் மட்டும் அசைத்து, பத்துப் பன்னிரண்டு தேய்ப்புக்கு ஒருமுறை கறுத்த கிறீஸைத் துடைத்துப் புதிது வைத்தேன். கண்ணாடி விளிம்பின் கீழே வெளிச்சம் எங்கும் ஒரே நூலாகத் தெரிந்தபோது நிறுத்தி, ரேப்பை எடுத்து, ஐசோபுரொப்பைல் அற்ககோலில் தோய்த்த துணியால் கிறீஸைத் துடைத்து, மறுபடியும் கீற்று இழுத்தேன். ஐந்தாறு கீற்றுகளில் வெள்ளை வந்தது. டயப்பிரத்தை வைத்து, இரண்டு சுற்று நடுப்படுத்தி, ஆறு திருகாணிகளையும் இறுக்கினேன். சுருதி தெளிவாக நின்றது. மருமகன் காதை இன்னும் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடி, “ஒண்டும் இல்ல மாமா” என்றான். அப்போது இரவு பதினொரு மணி, கடல் இரைவது மட்டும் கேட்டது.

இரண்டாவது யூனிட்டில் இருக்கையை முதலில் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அங்கே மேடு இல்லை. நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. பின்மூடிகளில் நொறுங்கிய நுரைக்குப் பதிலாகக் கம்பளித் துணியை வெட்டி ஒட்டினேன். மூடியைப் பூட்டிய பிறகும் ஒருமுறை சுருதி ஏற்றிப் பார்த்தேன், ஏனெனில் மூடியின் இறுக்கம் சில யூனிட்டுகளில் வளையத்தை அசைத்துவிடும்.

முனைகளின் திசையையும் சோதித்தேன். புதிய டயப்பிரத்தில் சிவப்புக் குறி இருப்பதை மட்டும் நம்புவதற்கில்லை. பழைய ஜே.பி.எல். யூனிட்டுகளில் சிவப்பு முனைக்கு நேர் மின்னழுத்தம் கொடுத்தால் மற்றவர்களுடையதற்கு எதிர்த்திசையில் அசையும் என்பது தெரிந்த செய்தி. மாற்றுச் சாமான் செய்பவர்கள் எந்த வழக்கத்தைப் பின்பற்றியிருக்கிறார்கள் என்று பெட்டியில் எழுதியிருக்காது. இரண்டு யூனிட்டையும் சமாந்தரமாக இணைத்து, வாயோடு வாய் நெருங்க வைத்து, 400 ஹேர்ட்ஸ் கொடுத்தேன். ஒலி மெலிந்தது. ஒன்றின் வயரை மாற்றியவுடன் பருத்தது. கோயில் முற்றத்தில் இரண்டும் எதிரெதிராக வேலை செய்திருந்தால், நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் குரல் மெலிந்து கேட்டிருக்கும். முனையங்களில் நெயில் பொலிஷால் புதிய புள்ளி வைத்தேன்.

அண்ணனின் அம்ப் பழுதானால் நேர்மின்னோட்டம் நேராகக் கொயிலுக்கு வரும், அலுமினிய நாடா ஒரு நொடிகூடத் தாங்காது. அதனால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நேர்த்தொடரில் 47 மைக்ரோஃபரட், முனைப்பில்லாத மின்கொள்ளளவி ஒன்று வைத்தேன். 16 ஓமுக்கு அதன் வெட்டுப்புள்ளி 210 ஹேர்ட்ஸ் அளவில் வரும். கீழ், மேல் சுருதிகளைப் பிரித்து அனுப்பும் கிறொஸ்ஓவர் 800 ஹேர்ட்ஸில் பிரிப்பதால் குரலில் அது தலையிடாது.

அதே வாரத்தில் அவர் கொண்டுவந்த நான்கு சாதாரணக் குழாய் யூனிட்டுகளுக்கும் டயப்பிரம் போட்டேன். அவற்றில் பீனோலிக் டயப்பிரத்தின் பிளாஸ்ரிக் வளையம் ஒரு பள்ளத்தில் தானாகவே உட்கார்ந்துவிடும். நடுப்படுத்த எதுவும் இல்லை, ஆளுக்குப் பத்து நிமிடம். இடைவெளியைத் துடைக்கும் வேலை மட்டும் அங்கேயும் அதேதான். இவற்றைக் கோயில்காரர் முழுப் பாட்டையும் போட்டு அலறவிடுவதால், நேர்த்தொடரில் 33 மைக்ரோஃபரட் வைத்து 300 ஹேர்ட்ஸுக்குக் கீழே குறைத்தேன். குழாய் தாங்காத கீழ்ச் சுருதிதான் அவற்றின் டயப்பிரங்களை வருடந்தோறும் கிழித்துவந்தது.

கதவு திறப்பதற்கு நான்கு நாட்களுக்கு முன் யூனிட்டுகளை எடுத்துக்கொண்டு போய், ஹோர்னில் பூட்டி, முற்றத்தில் வைத்தே இன்னொரு முறை சுருதி ஏற்றினேன். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் ஒருவர் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, இந்தக் கூவல் எப்போது நிற்கும் என்று கேட்டார். ஏடு படிப்பவர் வந்து மைக்கில் நான்கு அடி படித்தார். சகரமும் றகரமும் வாசலுக்கு வெளியே நின்றவருக்கும் பிரிந்து கேட்டன.

கதவு திறந்த மூன்றாம் நாள் காலை அண்ணன் தொலைபேசியில் அழைத்தார். யூனிட்டுக்கு ஏதோ ஆகிவிட்டது, படிப்பு நிற்கும் இடத்திலெல்லாம் ‘ஸ்ஸ்ஸ்’ என்று இரைகிறது, முன்பு இப்படி இல்லை என்றார். யூனிட்டைக் கழற்றாமல், அம்பின் உள்ளீட்டு வயரை மட்டும் பிடுங்கிப் பார்க்கச் சொன்னேன். பிடுங்கியும் இரைந்தது. அந்த இரைச்சல் அம்பில் எத்தனையோ வருடமாக இருந்திருக்கிறது. அதைக் கேட்கவைக்கும் அளவுக்கு முன்பு யூனிட் நன்றாக இருக்கவில்லை, அவ்வளவுதான். சடங்கின் நிறைவாகக் குளிர்த்திப் பாடல் பாடிய அடுத்த நாள், அதே உரச்சாக்கில் அம்ப் விறாந்தைக்கு வந்தது.